எட்டு மணி நெட்டுக்கு வராத தம்பி தங்கைகளுக்கு



சென்ற ஆண்டு ஹாம் ரேடியோ உரிமத்துக்குத் தேர்வெழுதித் தேறிய உங்கள் எல்லோருக்கும் வி.யூ.3 என்று தொடங்கும் கால்சைன் வந்துவிட்டது. பைக்கில் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று, வாட்ஸ்ஆப்பில் பெயருக்குப் பின்னால் போட்டாயிற்று. காற்றில்தான் இன்னும் கேட்கவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு 40 மீட்டர் அலையில் நம் நெட், அதாவது காற்றில் நடக்கும் வாரக் கூட்டம், கூடும்போது கம்பத்திலிருந்து ஒருவர், சின்னமனூரிலிருந்து ஒருவர், போடியில் ஏலக்காய்க் கணக்கு எழுதும் அண்ணன், ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் மாடு வைத்திருக்கும் அண்ணன் என்று பழைய குரல்களே வரிசையாக வருகின்றன. "புதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட் கண்ட்ரோல் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார். இரைச்சல் மட்டும் கேட்கிறது. அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்.

கோபத்தில் எழுதவில்லை. போன மாதக் கூட்டத்தில், மைக் செட் கடை மாடியில், உங்களில் ஒரு தங்கை கேட்ட கேள்விக்கு மூத்தவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சும் மாறிவிட்டது. "கையில் செல்போன் இருக்கும்போது இந்தப் பெட்டியில் பேசி என்ன ஆகப்போகிறது? அப்படியே பேசினாலும், உங்கள் சிக்னல் ஐந்து ஒன்பது, இங்கே வெயில், அங்கே எப்படி என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் பேசிக் கேட்டதில்லையே!" என்றாள்.

நியாயமான கேள்வி. வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்போம். புயலும் வெள்ளமும் வந்து செல்போன் கோபுரம் சாய்ந்தால் ஹாம் ரேடியோதான் கைகொடுக்கும் என்போம். அது பாதி உண்மை. புயலடிக்கும் அன்றைக்குத்தான் பெட்டியைத் தூசி தட்டி மைக்கைப் பிடிப்பேன் என்றால் எந்த ரேடியோவும் கைகொடுக்காது. வாராவாரம் "இங்கே வெயில், அங்கே எப்படி" என்று பேசிப் பழகியவர்களுக்குத்தான் அது உதவும். உங்களுக்குச் சலிப்புத் தட்டுகிற அந்த வெட்டிப் பேச்சுதான் நம் சங்கத்தின் முதல் வேலை என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைத்தான் கீழே எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கில் பேசினாலும் நான் அப்படித்தான்.

முதலில் அந்தப் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ஒலிபரப்பு நடத்தக் கூடாது, மறைமொழியில் பேசக் கூடாது என்றெல்லாம் விதி இருப்பது தேர்வுக்குப் படித்த உங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். சின்னமனூர் அண்ணன் வாழைத்தார் என்ன விலைக்குப் போனது என்று வாயெடுத்தாலே நெட் கண்ட்ரோல் குறுக்கே விழுவார். அரசியலும் மதமும் வேண்டாம் என்று நாமே வைத்துக்கொண்டோம். இவ்வளவையும் கழித்தால் மிச்சம் மழை, காற்று, ஆன்டெனா, பேட்டரி, மூட்டுவலி. வேறென்ன பேசுவது?

ஆனால் அந்தப் பேச்சோடு இன்னொன்றும் நடக்கிறது. போடிக்காரர் பேசும்போது சின்னமனூர்க்காரர் "மூன்று ஐந்து" என்கிறார், அதாவது தட்டுத்தடுமாறித்தான் கேட்கிறது. அதே போடிக்காரரை ஆண்டிபட்டிக்காரர் "ஐந்து ஒன்பது" என்கிறார், அதாவது கணீரென்று கேட்கிறது. இதை வாரம் தவறாமல் நோட்டில் எழுதுகிறோம். அதனால் யார் குரல் யாருக்கு எட்டாது, நடுவில் இருந்து யார் வாங்கிச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு மனப்பாடம். சுருளி அருவிப் பக்கமிருந்து ஒருவர் ஐந்து வாட்டில் கூப்பிட்டால் யார் காதில் விழும் என்று நாங்கள் யோசிக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கு எந்த செயலியிலும் கிடைக்காது. மூட்டுவலியைப் பற்றிப் பேசியே சேர்த்தது.

இன்னொன்று, பேசும் ஒழுங்கு. ஒருவர் பேசி முடித்ததும் ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்தவர் பட்டனை அழுத்த வேண்டும். அவசரமாக யாராவது நடுவில் நுழைய அந்த இடைவெளிதான் வாசல். முதலில் கால்சைன், பிறகு செய்தி. ஊர்ப்பெயரையும் எண்ணையும் நிறுத்திச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. முதன்முதலாகப் பத்துப் பேர் கூடும் நெட்டில் இதைச் செய்து பாருங்கள். கை நடுங்கும், சொந்தக் கால்சைனே மறந்துபோகும். அந்த நடுக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் எந்த நட்டமும் இல்லாத நேரத்தில் வந்து போய்விடட்டும்.

நம் பள்ளத்தாக்குக்கு இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகத் தேவை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். நீங்கள் ஆன்லைனில் வாங்கிய கையடக்கப் பெட்டி 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். அந்த அலை நேர்கோட்டில் போகும் அலை. மலை குறுக்கே வந்தால் அத்தோடு சரி. மலையுச்சியில் ரிப்பீட்டர் இருந்து, அதற்குக் கரண்டும் இருந்தால் தாண்டும். இல்லாவிட்டால் பக்கத்து ஊர்கூட உங்களுக்கு வெளிநாடுதான். அதனால்தான் நெட்டை 40 மீட்டரில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் நடத்துகிறோம். வி.யூ.3 உரிமத்திலேயே அங்கே 50 வாட் வரை அனுப்பலாம்.

மதுரையிலிருந்து வரும் நண்பர்கள் நம் டைபோல் ஆன்டெனாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இவ்வளவு தாழ்வாகவா கட்டுவது? துணி காயப்போடவா?" என்பார்கள். வேண்டுமென்றே தாழக் கட்டியது அது. 40 மீட்டர் டைபோலைப் பத்து மீட்டருக்கு மேல் உயர்த்த உயர்த்த அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பித் தூரதேசத்துக்குப் போகும். நான்கைந்து மீட்டரில் கட்டினால் ஏறக்குறைய நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் மழைபோல இறங்கும். தலைக்கு மேலிருந்து வருகிற அலையை மலை என்ன செய்ய முடியும்? பள்ளத்தாக்கின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். தூரதேசம் வேண்டுமா, பக்கத்து ஊர் வேண்டுமா என்று கேட்டால், நெட்டுக்கு நமக்குப் பக்கத்து ஊர்தான் வேண்டும்.

நெட்டை ஏழு மணியிலிருந்து எட்டுக்கு மாற்றியதும் சோம்பலால் அல்ல. விடிந்த கையோடு அயனி மண்டலம் இன்னும் வலுப்பெற்றிருக்காது. நேர் மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். கம்பத்துக் குரல் எங்கோ தொலைவில் கேட்கும், போடியில் கேட்காது. வெயில் ஏறிய பிறகு அயனிகள் பெருகி அலையைத் திருப்பி அனுப்பும். இருட்டிய பிறகு கதை மறுபடி மாறும். பகலில் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த கீழடுக்கு மறைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தெல்லாம் குரல்கள் வரத் தொடங்கும்.

இந்த விஷயத்தில் நாம் உட்கார்ந்திருக்கும் இடமும் சாதாரண இடமல்ல. வடக்கே பெரியகுளத்துக்கு மேலே தெரியும் கொடைக்கானல் மலையில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவரும் இடம் அது. பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கு ஏற்பத்தான் நம் ரேடியோவின் எட்டும் தூரமும் கூடிக் குறைகிறது. தெற்கே போனால் பூமியின் காந்த நடுக்கோடு. அது அருகில் போகிறது என்பதற்காகத்தான் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பரில் அங்கிருந்து முதல் ராக்கெட்டை விஞ்ஞானிகள் ஏவினார்கள். மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அவர்களுக்கு ராக்கெட் வேண்டியிருந்தது. நமக்கு இருபது மீட்டர் செம்புக் கம்பி போதும்.

இனி பேரிடர் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. அங்குள்ள ஹாம் நண்பர்கள் கல்பெட்டாவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தளநிலையம் அமைத்தார்கள். சரிந்த இடத்திலிருந்து செய்திகளை அங்கே கடத்தினார்கள். அம்பலவயல் பொன்முடிக்கோட்டை மேல் இருந்த ரிப்பீட்டர் வழியாகத்தான் அந்தக் குரல்கள் போயின. அந்த ரிப்பீட்டர் சரிவு நடந்த பிறகு யாரோ தூக்கிக்கொண்டு போய் வைத்ததல்ல. உள்ளூர் ஹாம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக முன்பே வைத்திருந்தது. அங்கேயும் சாதாரண நாட்களில் மழையும் வெயிலும்தான் பேசியிருப்பார்கள். வேறென்ன பேசியிருக்கப் போகிறார்கள்?

2004 கதையும் இதேதான். டிசம்பர் மாதம் பாரதி பிரசாத் என்ற ஹாம், ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். பல ஆண்டுகளாக அங்கிருந்து ஹாம் ஒலி எழும்பவே இல்லை. உலகமெங்கும் உள்ளவர்கள் அந்தமானோடு ஒரு தொடர்பு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சிக்னல் ரிப்போர்ட் பரிமாறி, அதற்கான அட்டையை அனுப்பிவைப்பதுதான் பயணத்தின் நோக்கம். நாட்டுக்கு அதனால் ஒரு காசு பயன் கிடையாது, சுத்தமான பொழுதுபோக்கு. டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கியது. போர்ட் பிளேரில் தொலைபேசி செத்துப்போயிருந்தபோது அந்தப் பொழுதுபோக்கு ஆன்டெனா மேலேதான் இருந்தது. தீவுகளில் இருந்தவர்களின் நிலை என்ன என்று உறவினர்களுக்குச் சேதி போனது அதன் வழியாகத்தான்.

2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பட்டபாட்டை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். சாய்ந்த தென்னையையும் முறிந்த மின்கம்பத்தையும் எல்லோரும் படம்பிடித்தார்கள். பக்கத்து ஊர் அக்கா வீட்டில் என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்தவர்களைப் படம்பிடிக்க முடியாது. அத்தகைய நாளுக்கென்று வாங்கிய வாக்கி டாக்கிகளை நான் ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தன. சாவி யாரிடம் என்பதே அங்கே பெரிய விசாரணையாக இருந்தது. கருவிக்குக் குறைவில்லை. அதில் தினமும் வெட்டிப் பேச்சுப் பேச ஆளில்லை.

சரி, நெட் போதும். சங்கம் என்பது காற்றில் மட்டும் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதற்கும் வருவதில்லை.

ஆடி மாதம் பிறப்பதற்கு முன் ஒரு நாள் எல்லோர் வீட்டு ஆன்டெனாவையும் சுற்றிப் பார்த்துச் சரிசெய்வது நம் வழக்கம். பள்ளத்தாக்குக்குள் ஆடிக் காற்று எப்படி நுழையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தென்னைக்கு நடுவே கம்பியை இறுக்கிக் கட்டினால் முதல் காற்றிலேயே அறுந்துவிடும். தென்னை ஒன்றோடொன்று கேட்டுக்கொண்டு ஆடுவதில்லை. அதற்கு ஒரு கப்பி போட்டு, கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட வேண்டும். மரம் சாயும்போது பாட்டில் மேலே ஏறும், நிமிரும்போது இறங்கும். கம்பி தப்பிக்கும். மரத்துக்கு மேலே கயிறு போட உண்டிவில். அதில் நம் பள்ளி மாணவன் ஒருவனை மிஞ்ச ஆளில்லை. வீட்டு அம்மா எல்லோருக்கும் இட்லி அவித்து வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்த ஹாம் ரேடியோ, ஆண்டுக்கு ஒருமுறை பத்துப் பேர் வந்து முற்றத்தில் கூச்சல் போடுவதுதான்.

கம்பி எத்தனை நீளம் வெட்டுவது என்ற கணக்கை அங்கே கற்றுக்கொண்டவர்கள் மறப்பதில்லை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1-க்கு இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். நடுவில் வெட்டி இரண்டாக்கி, பி.வி.சி. பைப் துண்டை இன்சுலேட்டராக வைத்துக் கட்ட வேண்டும். அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நுனியைக் கத்தரிக்க வேண்டும். "கூட வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக" என்று ஏழு பேர் ஏழு பக்கமிருந்தும் கத்துவார்கள். தேர்வுப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருப்பது இங்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

மாடியில் சால்டரிங் அயர்னோடு நடப்பது இன்னொன்று. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்று ஒரு டிரான்ஸீவரை வடிவமைத்து, அதன் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டார். வெளிநாட்டு ரிக் விலையைக் கேட்டு மூச்சு வாங்கிய நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அதனால்தான். உலகம் முழுவதும் அதைச் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், சுருள் சுற்றக் காந்த வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றிக்கொள்ளலாம் என்று அவர் வைத்த ஏற்பாடு. நம் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர், ரேடியோ செய்ய வாஷர் கேட்கிறார்கள் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அந்தப் பெட்டியில் முதல் குரல் வெளியே போய், எதிர்முனையிலிருந்து நம் கால்சைன் திரும்பி வரும்போது செய்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை எழுத எனக்கு வராது.

பிறகு நரி வேட்டை. எங்கோ ஒரு தோப்பில் சின்ன டிரான்ஸ்மிட்டரை ஒளித்துவைத்துவிட்டு, இரும்பு அளவு டேப்பை வெட்டிச் செய்த யாகி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் திசை கண்டுபிடிக்கும் விளையாட்டு. பிள்ளைகள் ஓடுவார்கள், பெரியவர்கள் மூச்சிரைப்பார்கள். விளையாட்டுதான். ஆனால் ஒரு சமயம் 40 மீட்டர் முழுக்க நொடிக்கு ஒருமுறை "டக் டக்" என்று கேட்டு நெட்டே நடத்த முடியாமல் போனபோது, அந்த விளையாட்டுப் பழக்கத்தில்தான் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே இடத்தைக் கண்டுபிடித்தோம். மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் காட்டுப்பன்றிக்குப் போட்ட சோலார் வேலி. கம்பியில் கொடி படர்ந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பொறி பறந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். கொடியை வெட்டியதும் நமக்கு இரைச்சல் போயிற்று, அவருக்கு ராத்திரியில் பேட்டரி இறங்குவது நின்றது. இப்போது அவர் தோட்டத்தில்தான் நரியை ஒளிக்கிறோம்.

பட்டணத்து ஹாம்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படும் ஒரே விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சுற்றிலும் எல்.இ.டி. பல்பு, லிஃப்ட், சார்ஜர் என்று இரைச்சல் மலைபோல. நமக்குக் கரண்ட் போனால் போதும், வானம் முழுக்கக் காதில் விழும். மின்வெட்டை மகிழ்ச்சியோடு வரவேற்பவர்கள் இந்த மாவட்டத்தில் நாம் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மாதக் கூட்டம் ஏன் எப்போதும் மைக் செட் கடை மாடியில் என்று உங்களில் ஒரு தம்பி கேட்டான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காற்றில் யாரும் சாதி கேட்பதில்லை. கால்சைன், பெயர், ஊர், அவ்வளவுதான். ஆனால் மைக்கை வைத்துவிட்டு ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது அந்தச் சமத்துவம் தானாகக் கூட வந்துவிடுவதில்லை. சங்கம் தொடங்கியபோது மாறி மாறி வீடுகளில் கூடலாம் என்றார்கள். எல்லோரும் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போக முடியாது என்று தெரிந்த சிலர் கடைவீதி மாடியைச் சொன்னார்கள். டீயும் கடையிலிருந்து, ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளரில். ஆன்டெனா நாளில் எல்லோரும் எல்லா வீட்டு முற்றத்துக்கும் போகிற நிலை பிறகு வந்தது, அதுவும் மெதுவாகத்தான். இதைச் சங்கத்தின் சாதனையாக யாரும் எழுதிவைக்கவில்லை. நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.

பள்ளிக்கூட வேலை உங்களுக்கே பிடிக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி6 ராக்கெட்டில் இஸ்ரோ ஹாம்சாட் என்று ஹாம்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் அனுப்பியது, அது 2014 வரை உழைத்தது. அதன் வழியாகப் பேசியவர்கள் நம் சங்கத்திலும் உண்டு. இப்போது சர்வதேச விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புகிறது. பத்து நிமிடத்துக்குள் வானத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய்விடும். அதற்குள் ஒரு படமாவது பிடிக்க வேண்டும். உங்கள் கையடக்கப் பெட்டியும் ஒரு செல்போனும் போதும். அரசுப் பள்ளி மைதானத்தில் ஒலியாக வந்தது திரையில் கோடு கோடாகப் படமாகிறபோது பிள்ளைகள் போடும் சத்தத்தில் அடுத்த படம் கெட்டுப்போகும். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது பள்ளிக்குப் போவது உங்கள் பொறுப்பு. பன்னிரண்டு வயதிலேயே தேர்வு எழுதலாம் என்பதை அங்கே சொல்லுங்கள். 2023-இல் போடிக்கு ரயில் வந்துவிட்ட பிறகு சென்னைக்குத் தேர்வெழுதப் போவதும் முன்போல் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் குலுங்கும் வேலையாக இல்லை.

இனி உங்களோடு சண்டை போட வேண்டிய ஒரே விஷயம், எஃப்.டி.8. உங்களில் இருவர் ராத்திரியெல்லாம் அதில்தான் இருக்கிறீர்கள் என்று தெரியும். ஜோ டெய்லர், 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஸ்டீவ் ஃபிராங்கியோடு சேர்ந்து 2017-இல் கொடுத்த முறை அது. காதுக்கே கேட்காத சிக்னலையும் கணினி படித்துவிடும். பதினைந்து நொடி நீ, பதினைந்து நொடி நான். அறிவியலாக அது அற்புதம். ஒரு வாரத்தில் நூறு நாடு பிடித்தேன் என்கிறீர்கள், பிடியுங்கள், வாழ்த்துகள். ஆனால் அந்த நூறு நாட்டில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? அவர் ஊரில் மழையா என்று தெரியுமா? இரண்டு கணினிகள் கைகுலுக்கிக்கொள்கின்றன, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறீர்கள். அலை எங்கே போகிறது என்று பார்க்க அது நல்ல கருவி. சங்கத்தை அதில் நடத்த முடியாது.

எங்கள் பக்கத்துக் குறைகளும் இருக்கின்றன. அவற்றைக் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். நெட்டில் நாங்கள் தேவையில்லாமல் இங்கிலீஷில் பேசுகிறோம். கால்சைனை எழுத்துக்கூட்ட "விக்டர் யூனிஃபார்ம்" தேவை, ஆனால் பக்கத்து ஊரில் மழையா என்று கேட்க இங்கிலீஷ் தேவையில்லை. புதிதாக ஒருவர் தடுமாறினால் உடனே திருத்துகிறோம், அதுவும் எல்லோர் காதிலும் விழும்படி. பெண்கள் குரல் கேட்டால் சில அண்ணன்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டு வேண்டாத பேச்சை நீட்டுகிறார்கள். மோர்ஸ் தெரியாதவன் ஹாமே இல்லை என்று ஒருவர் மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அவருக்கு மோர்ஸ் கற்றுக்கொடுத்த நம் தந்தி ஆபீஸ் பெரியவர், 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோதுகூட அப்படிப் பேசியதில்லை. "காதுக்குப் பழக்கினால் வந்துவிடும்மா, எட்டு வார்த்தை வேகம் ஒன்றும் பெரிதில்லை" என்பார். அவர் இப்போது இல்லை. அவருடைய மோர்ஸ் சாவி மாடியில் மேசை மேல் இருக்கிறது, உறை போட்டு மூடிவைக்க அல்ல, தட்டிப் பழகத்தான். அடுத்த கட்டமான வி.யூ.2 உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை என்ற அந்த வேகம் வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் வாருங்கள்.

இந்தக் குறைகளைத் திருத்துவது எங்கள் வேலை. நாங்கள் ஒப்புக்கொண்டவை இவை: உள்ளூர் நெட் தமிழில் நடக்கும். திருத்தம் சொல்வதானால் நெட் முடிந்த பிறகு போனில் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் புதியவர்களைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். ரிக் இல்லாதவர்கள் சங்கத்தின் பிட்எக்ஸ் பெட்டியை மாதக்கணக்கில் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், பணம் கிடையாது. ஆன்டெனா கட்ட இடமில்லை என்றால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம். மொட்டை மாடியில் மூலைக்கு மூலை வளைத்துக் கட்டிய கம்பியிலும் நெட் கேட்கும்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிறு முழு ஒத்திகை வைக்கிறோம். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை எல்லோரும் செல்போனை அணைத்துவிட வேண்டும், வீட்டுக் கரண்டையும் தொடக் கூடாது. பேட்டரியில் மட்டும் ஓட்ட வேண்டும். நூறு வாட் ரிக் அனுப்பும்போது இருபது ஆம்பியர் இழுக்கும், பழைய கார் பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடும். ஐந்து வாட் பெட்டி நாள் முழுக்க ஓடும். எது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை எழுதிவைக்க ஆள் வேண்டும். அந்த நோட்டு உங்களிடம். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு செய்தி மூன்று கை மாறி வரும், எந்தக் கையில் எந்தச் சொல் தொலைந்தது என்று கடைசியில் பார்ப்போம். போன முறை "இருபது போர்வை" என்று கிளம்பியது கம்பத்துக்கு வந்து சேர்ந்தபோது "இருபது பேர் வரவில்லை" என்று ஆகியிருந்தது. சிரித்தோம். உண்மையான நாளில் சிரிக்க முடியாது.

கடைசியாக ஒரு செய்தி. வரும் ஞாயிறு முதல் நெட் கண்ட்ரோல் பொறுப்பு சுழற்சியில் புதியவர்களுக்கு. முதல் வாரம் கேள்வி கேட்ட தங்கை, அடுத்த வாரம் உத்தமபாளையத்துத் தம்பி, பிறகு பெயர் கொடுக்கும் வரிசைப்படி. என்ன பேசுவது என்று முன்கூட்டி எழுதிவைக்க வேண்டாம், உங்கள் ஊரில் மழையா வெயிலா என்று சொன்னால் போதும். மூத்தவர் யாராக இருந்தாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் மைக்கை விடாமல் பிடித்திருந்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. என்னையும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
சங்கச் செயலாளர்